உருவம் கணக்குக் காட்டுமா?

தேர்தல் என்பது அழகிய தமிழ்ச்சொல். தேர்தல் என்றால் ஆய்ந்து கொள்ளுதல். சந்தையிற் கத்தரிக்காய் வாங்கும் தாய் அதனைப் புரட்டிப் புழுத்துளை உண்டா என்று பார்த்த பின்னரே கூடையில் இடுகிறாள். மண்குடம் வாங்குபவள் அதனை விரலால் தட்டி ஓசை கேட்கிறாள். அரைக்காசுப் பொருளுக்கும் இத்துணை ஆய்வு செய்யும் நம் தமிழ்த்தாய், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் வாழ்வையும் தன் பிள்ளைகளின் வாழ்வையும் ஒருவர் கையில் ஒப்படைக்கும் பொழுது மட்டும் அவள்முன் குடம் வைக்கப்படுவதில்லை. குடத்தின் படமே காட்டப்படுகின்றது. படத்தைத் தட்டினால் ஓசை வருமா?

செய்தித்தாள்கள் இதனைப் 'பிம்பம்' என்னும் வடசொல்லாற் குறிக்கின்றன. நாம் தோற்றவுரு என்போம். பொதுவாழ்வில் நிற்கும் எவர்க்கும் ஒரு தோற்றவுரு அமைவது இயல்பே. தாடியும் கைத்தடியும் என்றால் பெரியார் நம் கண்முன் நிற்கின்றார். அதிற் குற்றமில்லை. அத்தோற்றத்தைக் கடந்து உள்ளே சென்றால் அவர் சொன்னவையும் செய்தவையும் இருக்கின்றன. அவற்றை ஏற்கலாம், மறுக்கலாம், வழக்காடலாம். அவ்வகைத் தோற்றம் வீட்டின் வாயில் போன்றது. உள்ளே ஒன்றையும் பார்க்க விடாது மறைத்து நிற்கும் தோற்றமோ திரை போன்றது. ஒரு தலைவரின் தோற்றவுரு வாயிலாக இருக்கின்றதா, திரையாக இருக்கின்றதா என்பதே தேர்தற் காலத்தில் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

இதனை வெறுங்கருத்தாகப் பேசாமல், தமிழ்நாடு கண்ணாற் கண்ட இரு தேர்தல்களைக் கொண்டே ஆய்வோம். ஒன்று 1967, மற்றொன்று 1984. இரண்டிலும் மிகப் பெருந்தோற்றமாக நின்றவர் ஒருவரே: ம.கோ.இராமச்சந்திரன். இரண்டு முறையும் அவர் பரப்புரைக் களத்திற்கு வரவில்லை. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். இரண்டு முறையும் அவர்க்கு மாற்றாக அவர் உருவமே ஊர் ஊராகச் சென்றது. ஆயினும் அவ்விரு தேர்தல்களுக்கும் இடையே மலைக்கும் மடுவிற்குமான வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டுவதே இவ்வாசிரியவுரையின் நோக்கம்.

1967 சனவரி 12. சென்னை இராமாவரத்தில் ம.கோ.இராமச்சந்திரனின் இல்லத்தில் நடிகர் எம்.ஆர்.இராதா அவரைத் துப்பாக்கியாற் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் உயிர் பிழைத்தனர். ம.கோ.இரா.வின் கழுத்திற் குண்டு பாய்ந்திருந்தது. சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு திங்களே இருந்தது. அவர் பறங்கிமலைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர். அவரால் மேடை ஏற முடியவில்லை. வாய்திறந்து பேசவும் முடியவில்லை. அப்பொழுதுதான் அந்தப் படம் எடுக்கப்பட்டது. கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டு. படுக்கையில் அமர்ந்த நிலை. அப்படம் சுவரொட்டியாக அச்சிடப்பட்டு நாடு முழுவதும் ஒட்டப்பட்டது. பேச்சாளர் நூறு பேர் நூறு மேடைகளிற் பேசுவதை அவ்வொரு படம் ஒரு சொல்லும் பேசாமற் பேசிற்று. தம் தொகுதியில் ஒரு கூட்டத்திலும் பேசாமலேயே அவர் எதிர்த்து நின்றவரைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு வாக்குப் பெற்று வென்றார்.

அத்தேர்தலில் பேராயக் கட்சியின் இருபதாண்டு ஆட்சி வீழ்ந்தது. தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது. முதலமைச்சர் பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்றார். கல்விக்கண் திறந்த காமராசரே விருதுநகரில் ஒரு மாணவத் தலைவரிடம் 1285 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். கழுத்துக் கட்டின் படமே இவ்வளவையும் செய்தது என்று சொல்வோர் இன்றும் உளர். அஃது உண்மையன்று என்பதற்குக் கணக்கே சான்று. அத்தேர்தலில் பேராயக் கட்சியும் தி.மு.க.வும் தனித்தனியே பெற்ற வாக்குகள் ஏறத்தாழச் சமமானவை. நூற்றுக்கு 41 என்னும் அளவினவே இரண்டும். பேராயக் கட்சியே சற்று மிகுதியாகவும் பெற்றிருந்தது. வெற்றியை முடிவு செய்தது அறிஞர் அண்ணா அமைத்த கூட்டணி. அக்கூட்டணிக்குப் பின்னே நின்றவை இரண்டு: மக்களின் பசி, மொழியின் மானம்.

அவ்விரண்டையும் நினைவுகூர்வோம். 1964 சனவரி 25-ஆம் நாள் திருச்சியில் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் தம் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டார். 1965 சனவரி 26-இல் கோடம்பாக்கம் சிவலிங்கமும், மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதனும் அவ்வாறே தம்மை எரித்துக்கொண்டனர். அதே நாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையானான். இவற்றோடு அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்தது. தி.மு.க. உரூபாவிற்கு மூன்று படி அரிசி குறிக்கோள் என்றும் ஒரு படி உறுதி என்றும் சொல்லி வாக்குக் கேட்டது.

இங்கே ஒன்றை உற்று நோக்குக. 1967-இல் ஓர் உருவம் இருந்தது. ஆயின் உருவத்தோடு ஒரு கோரிக்கையும் இருந்தது, ஓர் உறுதிமொழியும் இருந்தது. ஆகலின் தேர்தல் முடிந்தபின் மக்கள் கேள்வி கேட்க முடிந்தது. ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டு அங்கேயே நின்றபொழுது, எங்கள் ஊருக்கு ஏன் வரவில்லை என்று உழவர் கேட்டனர். அக்கேள்விக்கு ஆட்சி விடை சொல்ல வேண்டியிருந்தது. மொழிக்கு என்ன செய்தீர் என்று மாணவர் கேட்டனர். 1968 சனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 சனவரி 14-இல் இந்நாடு தமிழ்நாடு என்னும் தன் பெயரைப் பெற்றது. கொடுத்த வாக்கை அளந்து பார்க்க ஒரு கோல் மக்கள் கையில் இருந்தது என்பதே இதன் பொருள்.

ஆயினும் அன்றே ஒரு வித்து ஊன்றப்பட்டது. கழுத்திற் கட்டுடன் இருந்த நடிகரின் முகம் குடிசைச் சுவரிலும் தேநீர்க் கடையிலும் இடம்பெற்றது. தீயில் வெந்த சின்னச்சாமியின் முகத்தை எத்துணைத் தமிழர் இன்று அடையாளம் காட்டுவர்? அன்று யாரும் இக்கேள்வியைப் பெரிதாக எண்ணவில்லை.

பதினேழு ஆண்டுகள் கழித்து என்ன நடந்தது என்பதை அறிய, இடைக்காலத்தில் அவ்வுருவம் எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். தோற்றவுரு என்பது தேர்தல் அறிவிக்கப்பட்ட நாளில் முளைப்பதன்று. தேர்தற் பரப்புரை அறுவடை மட்டுமே. உழவும் விதைப்பும் ஆண்டுக்கணக்கில் நடப்பவை. 'படகோட்டி' என்னும் படத்தில் அவர் மீனவர், 'தொழிலாளி'யில் தொழிலாளி, 'விவசாயி'யில் உழவர், 'ரிக்சாக்காரன்' படத்தில் வண்டியிழுப்பவர். உழைப்பவன் யாவனாயினும் திரையில் தன்னையே கண்டான். குடியாதவர், புகையாதவர், தாயைத் தெய்வமெனப் போற்றுபவர், ஏழைக்காக அடிபடுபவர் என்னும் தன்மைகள் படத்திற்குப் படம் மாறாமற் பேணப்பட்டன. ஊர்தோறும் சுவைஞர் மன்றங்கள் தோன்றின. மன்றம் முதலிற் படத்திற்குத் தோரணம் கட்டிற்று; பின்னர்க் கட்சிக்குக் கொடி கட்டிற்று. வெள்ளைத் தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் முகத்தினும் பெரிய அடையாளங்களாயின. சுவரில் அவ்விரண்டையும் நாலு கோட்டில் வரைந்தாற் போதும், எழுத்தறியாரும் இன்னார் என்பர். பட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. இவ்வாறு ஒரு மாந்தரைச் சுற்றி ஓர் உருவம் கட்டி முடிக்கப்பட்டது.

அவ்வுருவத்திற்குள் இருந்த மாந்தர் ஒரு காலத்தில் துணிவான ஒரு செயலைச் செய்தார் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. 1972 அக்தோபரில் திருக்கழுக்குன்றத்திற் பேசும்பொழுது, கட்சியில் பொறுப்பில் இருப்போர் தம் சொத்துக்கணக்கை வெளிப்படுத்த வேண்டும் என்று கேட்டார். கணக்குக் கேட்டதன் விளைவாகவே தி.மு.க.விலிருந்து விலக்கப்பட்டார்; அ.தி.மு.க. பிறந்தது. 1973-இல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலை வென்றது. 1977-இல் அவர் முதலமைச்சரானார். கணக்குக் கேட்டவர் என்பதே அவர்தம் அரசியலின் முதல் முதலீடு. இதனை நினைவில் வைத்துக்கொண்டு 1984-க்கு வருவோம்.

1984 அக்தோபர்த் தொடக்கத்தில் முதலமைச்சர் ம.கோ.இரா. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் பழுதுற்றது, மூளையும் தாக்குற்றது, பேச்சுத் தடைப்பட்டது. தலைமையமைச்சர் இந்திரா காந்தி மருத்துவமனைக்கு வந்து அவரைப் பார்த்துச் சென்றார். அக்தோபர் 31-இல் இந்திரா காந்தியே சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர்த் தொடக்கத்தில் ம.கோ.இரா. வானூர்தி வழி நியூயார்க்கு நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, புரூக்ளின் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். திசம்பரில் அவர்க்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. சட்டமன்றத்திற்கு இன்னும் காலம் இருந்தும், நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்துச் சட்டமன்றத் தேர்தலும் திசம்பர் 24-இல் நடத்தப்பட்டது. அவர் ஆண்டிப்பட்டித் தொகுதியின் வேட்பாளர். தொகுதி ஒரு கண்டத்தில், வேட்பாளர் மற்றொரு கண்டத்தில்.

எதிர்த்தரப்பினர் அவர் உயிரோடு இல்லை என்று பேசத் தொடங்கினர். நோயுற்ற ஒருவரைப் பற்றி அவ்வாறு பேசியது இழிசெயலே. அதற்கு மறுமொழியாக ஆளுங்கட்சி ஒரு படத்தை உருவாக்கிற்று. புரூக்ளின் மருத்துவமனையில் அவர் உணவு உண்பதும், செய்தித்தாள் பார்ப்பதும், புன்முறுவல் செய்வதும் ஒளிநாடாவிற் பதிக்கப்பட்டன. அமைச்சர் இரா.ம.வீரப்பன் முன்னின்று அதனைத் தமிழ்நாடெங்கும் பரப்பினார். தொலைக்காட்சிப் பெட்டியே அரிதாயிருந்த ஊர்களுக்கு அது வண்டியில் ஏறிச் சென்றது. இரவில் திடலிலும் தெருமுனையிலும் மக்கள் திரண்டு நின்று பார்த்தனர். அவர் உணவை எடுத்து வாயில் இடுவதைப் பார்த்துத் தாய்மார் கண்ணீர் விட்டனர். அப்படத்தில் அவர் பேசவில்லை. ஆட்சியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. அவர் இருக்கிறார் என்பதே செய்தி. அவர் இருக்கிறார் என்பதே கொள்கை விளக்கம். அவர் இருக்கிறார் என்பதே தேர்தல் அறிக்கை.

எதிர்க்கட்சியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஏழாண்டு ஆட்சியின் குறைகளைப் பட்டியலிட்டுப் போர் தொடுத்திருக்க வேண்டிய கலைஞர் மு.கருணாநிதி, ம.கோ.இரா. நலம்பெற்றுத் திரும்பினால் ஆட்சியை அவரிடமே திருப்பித் தந்துவிடுவேன் என்று சொல்லி வாக்குக் கேட்டார். எதிர்த்து நிற்பவனும் அதே உருவத்தின் பெயரால் வாக்குக் கேட்கும் நிலை வந்த பின்னர், அங்கே நடந்தது தேர்தலா, வழிபாடா? அ.தி.மு.க. 132 இடங்களைப் பெற்றது, கூட்டணியில் நின்ற பேராயக் கட்சி 61 இடங்களைப் பெற்றது, தி.மு.க. 24 இடங்களோடு நின்றது.

இனி, அத்தேர்தலில் கேட்கப்படாத கேள்விகளைப் பார்ப்போம். காவிரி நீர்ப் பங்கீடு குறித்த 1924-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டுக் காலம் 1974-இல் முடிந்து, பத்தாண்டுகளாகப் பேச்சு நடந்தவண்ணம் இருந்தது, கேள்வி எழவில்லை. ஆங்கிலவழி மெட்ரிகுலேசன் பள்ளிகள் ஊர்தோறும் முளைத்துக்கொண்டிருந்தன. தமிழ்வழிக் கல்வி என்னாகும் என்னும் கேள்வி எழவில்லை. 1983 சூலையில் ஈழத்தமிழர் கொன்று குவிக்கப்பட்டு, எஞ்சியோர் கடல் கடந்து நம் கரையேறியிருந்தனர். அவர்தம் வருங்காலம் என்ன என்பது தேர்தலின் நடுப்பொருளாகவில்லை. எல்லாவற்றினும் கொடியது ஒன்று. திரையிற் குடியாதவராகவே வாழ்ந்து காட்டியவரின் ஆட்சியிற்றான் 1981-இல் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மீண்டும் திறக்கப்பட்டன. மது வாணிகத்திற்கென 1983-இல் அரசே தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தை நிறுவிற்று. அப்படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தாய்மாரின் கணவர்தம் கூலி எங்கே சென்றது என்பதை அவர்களே அறிவர். உருவம் குடிக்கவில்லை, உருவத்தின் பெயரால் நடந்த அரசு விற்றது. இவ்விரண்டையும் பொருத்திப் பார்க்க விடாது தடுத்ததே அத்தோற்றவுருவின் ஆற்றல்.

1972-இல் கணக்குக் கேட்டவர் பெயராலேயே 1984-இல் கணக்குக் கேட்கப்படாத தேர்தல் நடந்தது. கணக்குக் கேட்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். அங்கே ஆள் இல்லை, உருவமே இருந்தது. உருவம் சிரிக்கும், கை அசைக்கும், கண்ணீர் வரவழைக்கும். உருவம் கணக்குக் காட்டுமா?

பழுதுற்ற உடலை நாம் இங்குப் பழிக்கவில்லை. நோயைப் பழிப்பது தமிழர் பண்பன்று. 1985 பிப்பிரவரியில் அவர் நாடு திரும்பி மீண்டும் முதலமைச்சரானார். 1987 திசம்பர் 24-இல் மறையும் வரையில் அப்பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் அவர் பேச்சு முன்போலத் தெளிவுபெறவேயில்லை. ஓய்வும் மருத்துவமும் வேண்டிய ஒரு முதியவரை ஆட்சித் தேரின் முன்னே நிறுத்தி, அவர் நிழலில் தத்தம் பதவிகளைக் காத்துக்கொண்டோர் யாவர் என்பதே நம் கேள்வி. உருவ அரசியல் மக்களை மட்டும் ஏமாற்றுவதில்லை. உருவத்திற்குரிய மாந்தரையும் அது தின்றுவிடுகிறது.

மக்கள் அவரை உண்மையிலேயே நேசித்தனரே, அதனையும் பொய் என்பீரோ என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வியே. அவ்வன்பு பொய்யன்று. 1982 சூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தால் பசித்த பிள்ளைகளின் வயிற்றிற் சோறு விழுந்தது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. 1981-இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. இவற்றை மறுப்போர் நேர்மையற்றவர். ஆனால் சத்துணவை முன்வைத்து வாக்குக் கேட்டிருந்தால் அது கணக்கு. அதனோடு சாராயக் கடையையும் சேர்த்து எடைபோட்டு, இது மிகுந்ததா அது மிகுந்ததா என்று மக்கள் தீர்ப்பளித்திருப்பர். அந்த எடைபோடும் உரிமையைத்தான் ஒளிநாடா பறித்தது.

படிக்காத மக்கள் ஏமாந்தனர் என்று நகரத்துப் படித்தவர் சொல்லும் ஏளனத்தையும் நாம் ஏற்கவில்லை. அரசு அலுவலகத்தில் தன் கேள்விக்கு ஒருநாளும் விடைபெறாத ஏழை, தன்னைப்போலவே காயம்பட்டுக் கிடக்கும் ஒருவரைக் கண்டு இவர் நம்மவர் என்று எண்ணினால் அதிற் குற்றம் என்ன? ஆட்சியின் செயல்களை அறியும் வழி அவனுக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஆள்பவரின் முகத்தை அறியும் வழி மட்டும் திறந்திருந்தது. திறந்த வழியில் அவன் சென்றான். குற்றம் வழியை அடைத்தவருடையது. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1965-இல் மொழிக்காகத் தமிழர் தீக்குளித்த இம்மண்ணில், 1984-இல் தலைவர் நலம்பெற வேண்டுமென்று சிலர் தீக்குளித்தனர். சிலர் தம் விரலை வெட்டிக்கொண்டனர். தீ அதே தீ. இருபதாண்டுக்குள் அது ஒரு கொள்கையை விட்டு ஓர் உருவத்திற்கு இடம்பெயர்ந்தது. நம் வீழ்ச்சியின் அளவு இதுவே.

அது பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டா. அன்று வண்டியில் ஏறி ஊருக்கு வந்த படம் இன்று ஒவ்வொருவர் கைப்பேசிக்குள்ளும் குடியேறியிருக்கின்றது. அன்று கட்சித் தொண்டர் செய்த வேலையைச் செய்ய இன்று கூலி நிறுவனங்கள் உள்ளன. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு ஐ-பேக் என்னும் தேர்தல் உத்தி நிறுவனத்தை தி.மு.க. அமர்த்தியதை நாடறியும். எந்த முழக்கம், எந்த நிறம், எந்தப் பாட்டு என்பவை பகுத்தாய்ந்து அளிக்கப்படுகின்றன. இவற்றிற்கும் அப்பாற்பட்ட ஒன்றும் வந்துவிட்டது. 2024 சனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில், 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதி செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டுத் திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த திங்களிலேயே, 2016-இல் மறைந்த செயலலிதாவின் குரலைச் செயற்கையாய்ச் செய்து அ.தி.மு.க. ஆதரவு கேட்டது.

இப்படிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1967-இல் காயம்பட்டவரின் உருவம் வாக்குக் கேட்டது. ஆனால் காயம் ஆறியதும் அவர் எழுந்து வந்தார். 1984-இல் பேச முடியாதவரின் உருவம் வாக்குக் கேட்டது. 2024-இல் இறந்தவரின் உருவமே வாக்குக் கேட்கிறது. வாழ்ந்தபொழுது சொல்லாததையும் சொல்கிறது. இறந்தவரிடம் யார் சென்று கணக்குக் கேட்பது? பொறுப்பேற்க எவரும் இல்லாத வாக்குறுதியே ஆளும் கூட்டத்திற்கு மிக உகந்த வாக்குறுதி.

உத்தரமேரூர்க் கல்வெட்டை நாம் அடிக்கடி பெருமையாகப் பேசுகிறோம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையை அது கூறுகிறது. அது பார்ப்பனர் ஊர் அவைக்குரிய விதி. உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் அதில் இடமில்லை என்பதை மறவாமலே பேச வேண்டும். ஆயினும் அதில் ஒரு விதி இன்றும் நமக்குப் பாடமாகும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பதே அது. ஆயிரத்து நூறாண்டுக்கு முன் ஓர் ஊர் அவைக்குத் தெரிந்த இவ்வுண்மை, கோடிக்கணக்கானோர் ஒப்போலை இடும் இக்காலத்தில் நமக்கு மறந்துவிட்டது.

ஆகவே நம் அன்பர்கள் செய்யத்தக்க சிறு செயல் ஒன்றைச் சொல்வோம். அடுத்த தேர்தலில் உங்கள் தெருவிற்கு வேட்பாளர் வரும்பொழுது, மாலை வேண்டா, தாம்பாள வரவேற்பும் வேண்டா. நாலு பேர் கூடி ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள். முன்பு நீங்களோ உங்கள் கட்சியோ கொடுத்த உறுதிமொழிகளில் எவை நிறைவேறின? நிறைவேறாதவற்றிற்குக் கரணியம் என்ன? உயர்நீதிமன்றத்திலும் உயர்கல்வியிலும் தமிழ் ஏற என்ன செய்வீர்? 2006-இல் சட்டமன்றம் சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழைக் கேட்டு இயற்றிய தீர்மானம் இன்னும் நிறைவேறாமற் கிடக்கின்றது என்பதையும் அத்தாளில் எழுதுங்கள். விடையை எழுத்திற் கேளுங்கள். கையெழுத்தோடு வாங்கிய அத்தாளை ஊர் நூலகத்திலோ படிப்பகத்திலோ ஒட்டி வையுங்கள். ஐந்தாண்டு கழித்து அவர் மீண்டும் வருவார். அப்பொழுது அத்தாளே அவரை வரவேற்கட்டும். விடை தர மறுத்தால் மறுத்தார் என்பதையே எழுதி ஒட்டுங்கள். சுவரொட்டிக்கு எதிரே மக்களின் சுவரொட்டி அதுவே.

இறுதியாக, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. தனித்தமிழ் பேசும் நம் மேடைகளிலும் படங்கள் பெரிதாகி வருகின்றன. படத்திற்குக் கீழே இருக்க வேண்டிய கருத்தின் எழுத்து சிறிதாகி வருகின்றது. பட்டம் வழங்குவதில் நாமும் பிறர்க்கு இளைத்தவரல்லர். பட்டத்தைத் தூய தமிழில் வழங்கிவிட்டால் மட்டும் அடிமைத்தனம் தூய்மையாகிவிடாது. ஒரு மாந்தரைப் பெரிதாக்கிக் கொள்கையைச் சிறிதாக்கும் பழக்கம் எவ்விடத்தில் இருந்தாலும் நோயே. பிறரைத் திருத்துமுன் நம் கூட்டத்து மேடையிலிருந்தே அதனை அகற்றத் தொடங்குவோம். வரும் கூட்டத்தின் சுவரொட்டியில் தலைவர் படத்தைச் சிறிதாக்கி, கோரிக்கையைப் பெரிதாக அச்சிடுங்கள். செலவும் குறையும், அறிவும் வளரும்.

குடம் வாங்கும் தாயின் விரலுக்கு உள்ள அறிவு நம் எல்லார்க்கும் வேண்டும். படத்தை எவ்வளவு அழகாக வரைந்து காட்டினாலும், குடத்தை எடுத்து வா, தட்டிப் பார்க்கிறேன் என்று அவள் சொல்வாள். தேர்தல் நாளில் தமிழன் சொல்ல வேண்டியதும் அதுவே.